ஹீட் பம்பா, சாதா ஹீட்டரா? நார்வே குளிரில் மின்சாரக் கார்

பெட்ரோல் காரில் எஞ்சின் சூடே உள்ளே இருப்பவர்களைக் கதகதப்பாக வைத்துவிடும். மின்சாரக் காரில் அந்த இலவசச் சூடு மிகக் குறைவு. பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சாதா ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் இழுத்து உள்ளே தள்ளுவதால், 0 டிகிரியை ஒட்டிய குளிரில் சுமார் இரண்டு யூனிட் கிடைக்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 3 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் காரில் சாதா ஹீட்டர் 20 கிலோமீட்டரை விழுங்கிவிடும். ஹீட் பம்புக்குப் பத்தே போதும்.

ஆஸ்லோ, பெர்கன் போன்ற ஊர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், ஹீட் பம்ப்தான். வடக்கே காராஷோக் பக்கம் கதை வேறு. 1886இல் மைனஸ் 51.4 டிகிரி பதிவான ஊர் அது. மைனஸ் 30இல் வெளிக்காற்றிலிருந்து எடுக்க அதிகம் இருக்காது. ஹீட் பம்பின் லாபமும் கரைந்துவிடும். அங்கே அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

அப்புறம், எந்தக் கார் என்றாலும் சார்ஜரைக் கழற்றுவதற்கு முன்பே உள்ளே சூடேற்றிவிடுங்கள். அந்த மின்சாரம் வீட்டுக் கணக்கில் போகும், பேட்டரி அப்படியே இருக்கும்.