கருநீல மூடிக் குழாய் வைத்திருக்கும் லேப்

கடலூர் புதுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுகர் வந்து 11 வருடம். போன மார்கழியில் ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. மெஷின் மிதிக்கிறதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். டாக்டர் சுகரின் மூன்று மாத சராசரியோடு (HbA1c) மெக்னீசியம், துத்தநாகம், பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் போட்டால் பி12 இறங்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முதலில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஒரு பேக்கேஜில் கொடுத்தேன். வந்த தம்பி ரத்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று ஓடினார். துத்தநாகம் எல்லையைத் தாண்டி, மெக்னீசியம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. "இதை நம்பி மருந்து எழுத முடியாதும்மா, வேற இடத்துல எடுங்க" என்றார் டாக்டர்.

அப்படிப் போனதுதான் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் இந்தச் சின்ன லேப். ரத்தம் எடுக்கும் பெண் குழாய்களை வரிசையாக வைத்தாள். சுகருக்குச் சாம்பல் மூடி, மூன்று மாத சராசரிக்கு ஊதா, துத்தநாகத்துக்கு மட்டும் கருநீலம்.

"இது ஏன் பாப்பா தனியா?"

"சாதாரண மூடி ரப்பர்லயே துத்தநாகம் இருக்கும்மா. அது ரத்தத்துல கலந்தா கணக்கு ஏறிடும்."

ரத்தசோகை உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள். இரும்புச்சத்து குறைந்திருந்தால் மூன்று மாத சராசரி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்றாள். 11 வருடத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

மதியம் போன் வந்தது. எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து, சீரம் என்கிற தெளிந்த நீர் சிவந்துவிட்டதாம். அணுவுக்குள் மெக்னீசியமும் துத்தநாகமும் அதிகம், அது வெளியே கசிந்தால் குறைவாக இருப்பதும் நார்மலாகத் தெரியும், நாளைக்கு வாங்கம்மா, காசு வேண்டாம் என்றார்கள். சொல்லாமல் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? அந்த ஒரு போனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறுபடி எடுத்ததில் மெக்னீசியம் 1.4. குறைந்தது 1.7 இருக்கணும். துத்தநாகம் எல்லைக்குள்தான், அடிக்கோட்டை ஒட்டி. மூன்று மாத சராசரி 8.6. சுகர் ஏறி நிற்கும்போது சிறுநீரோடு மெக்னீசியமும் போய்விடும் என்று டாக்டர் விளக்கினார். வருடக்கணக்காக நான் போட்டுவந்த அசிடிட்டி மாத்திரையும் அதைக் குறைக்குமாம், நிறுத்தச் சொல்லிவிட்டார். கிட்னி நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மெக்னீசியம் மாத்திரை எழுதினார். பண்ருட்டியில் இருந்து அக்கா கொடுத்தனுப்பும் முந்திரியில் தினம் ஏழெட்டு, உப்பில்லாமல் சாப்பிடுகிறேன். அதிலும் மெக்னீசியம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்க நாலே நாற்காலி. துத்தநாகத்தைச் சென்னைக்கு அனுப்புகிறார்கள், ரிப்போர்ட் வர 5 நாள் ஆனது.

அப்புறம், துத்தநாகம் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டால் அளவு மாறும். எந்த லேப்பாக இருந்தாலும் சரி, கையை நீட்டும் முன்னால் கருநீல மூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.