பழைய லேப்டாப்புக்கு மிண்ட்டா, லுபுண்டுவா?

4 ஜிபி ரேம், சுத்துற ஹார்ட் டிஸ்க், பத்து வருஷம் ஓடின லேப்டாப், இதுக்கு மிண்ட், லுபுண்டுன்னு ரெண்டு லினக்ஸ் ஓஎஸ்ல எதைப் போடலாம்னு கேட்டா நான் லினக்ஸ் மிண்ட்ல எக்ஸ்எஃப்சிஇ-ங்கிற லேசான டெஸ்க்டாப் (திரையில தெரியுற மெனு, பேனல் எல்லாம்) உள்ள பதிப்புன்னுதான் சொல்வேன். முதல் காரணம் சப்போர்ட். ரெண்டுமே உபுண்டு 24.04-ங்கிற இன்னொரு லினக்ஸ் ஓஎஸ் மேல நிக்கிறதுதான், ஆனா மிண்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும், லுபுண்டு 24.04-க்கு மூணே வருஷம், 2027 ஏப்ரலோட முடிஞ்சிரும். அப்பா அம்மா யூஸ் பண்ற மெஷின்ல அந்த ரெண்டு வருஷம் ரொம்பப் பெரிய விஷயங்க, திரும்பத் திரும்ப ஓஎஸ் மாத்தி அவங்களுக்குப் பழக்கிவிட முடியாது.

லுபுண்டுல இருக்குறது எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டாப், ரேம் கம்மியா எடுக்கும், 2 ஜிபி மெஷின்னா யோசிக்காம அதையே போடுங்க. ஆனா அதுல ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பா, அதாவது தனக்கு வேண்டியதையும் உள்ளேயே அடைச்ச பேக்கேஜா வருது, பழைய டிஸ்க்ல பூட் ஆனதும் முதல் தடவை கிளிக் பண்ணா விண்டோ வர்றதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிரலாம், மிண்ட்ல சாதா பேக்கேஜாவே வர்றதால அந்த இழுவை கம்மி. அப்புறம் மிண்ட்ல சிஸ்டத்தை மீட்கிற டைம்ஷிஃப்ட்-ங்கிற டூல் கூடவே இருக்கு, அப்டேட்டுக்கு முன்னாடி சிஸ்டம் இருக்குற நிலைமையை ஒரு ஸ்னாப்ஷாட்டா எடுத்து வெச்சுட்டா எது சொதப்பினாலும் பழைய நிலைமைக்கே கொண்டு வந்துரலாம், நான் யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் முதல்ல அதைத்தான் செட் பண்ணுவேன்.

32 பிட் பிராசசர்னா இந்த ரெண்டு வெர்ஷனுமே ஆகாது.