கட்டில் ஓரக் கடிகார ரேடியோ: பிளக்கா, பேட்டரியா?

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வேலைக்குப் போகிறேன். நாலரைக்கு எழுந்தே ஆகவேண்டும். படுக்கையறையில் செல்போன் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, கட்டில் ஓரத்துக்கு இதுவரை மூன்று கடிகார ரேடியோ வந்துவிட்டன.

முதலாவது, அமெரிக்காவிலிருந்து தங்கை கொண்டுவந்தது. 120 வோல்ட் செட் என்பதால் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினேன். பாட்டு நன்றாகக் கேட்டது. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. பிளக்கில் ஓடும் கடிகாரங்கள் பல, கரண்டின் அலையை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. அங்கே நொடிக்கு 60, இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், அலையை மாற்றாது. வெளிநாட்டு செட் கிடைத்தால் பின்பக்கம் 50/60 சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, சேலம் கடைவீதியில் வாங்கிய 230 வோல்ட் செட். சிவப்பு எல்இடி எண்கள், கண்ணாடி போடாமலே தெரியும். வெளிச்சம் குறைக்கும் சுவிட்சும் உண்டு. விலை, சத்தம் எதிலும் குறையில்லை. சேலம் டவுனுக்குள் குடியிருந்தால் இதையே வைத்திருப்பேன்.

மலையில் கதை வேறு. கோடை மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், ராத்திரி முழுக்க இருட்டு. கரண்ட் வந்ததும் 12:00, 12:00 என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருக்கும். அதற்காகத்தானே அடியில் 9 வோல்ட் பேட்டரி என்பீர்கள். அது நேரத்தை மட்டும்தான் காக்கிறது. எண்கள் அணைந்துவிடும், ரேடியோ பாடாது. அந்தப் பேட்டரி எப்போது தீர்ந்தது என்றும் தெரியாது. தீர்ந்ததை நான் தெரிந்துகொண்ட நாளில் பஸ் போய்விட்டது.

சரி, இன்வெர்ட்டரில் மாட்டலாம் என்று மாட்டினேன். அங்கேயும் அதே அலைக் கணக்குதான். இன்வெர்ட்டர் 50க்குப் பதில் 51 கொடுத்தால் கடிகாரம் மணிக்கு 72 வினாடி முந்தும். எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் கிட்டத்தட்ட பத்து நிமிடம். முந்துவது பரவாயில்லை, பஸ்ஸைத் தவறவிட மாட்டோம் என்று மனைவி சொன்னாள். அவளையும் நாலு இருபதுக்கு எழுப்பிவிட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

இப்போது இருப்பது பேட்டரியில் ஓடும் எல்சிடி செட். கடிகாரத்துக்குத் தனியாக இரண்டு செல், ரேடியோவுக்குத் தனியாக நான்கு. உள்ளே நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது, அதனால் கரண்ட் இருந்தாலும் போனாலும் அதற்கு ஒன்றுதான். மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குள்தான் மாறுகிறது. மாசம் முதல் தேதி திருத்திவிடுகிறேன், முடிந்தது வேலை.

குறையும் உண்டு. இருட்டில் மணி பார்க்கப் பொத்தானை அழுத்த வேண்டும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பனிக்காலத்தில் மலிவு செல் போட்டதில் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவைத்த பின்தான் சரியானது. இப்போது ஆல்கலைன் செல்தான் போடுகிறேன். வாங்கி ஒரு மழையும் ஒரு பனியும்தான் ஆகியிருக்கிறது, பத்து வருஷம் உழைக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யுஎஸ்பி சார்ஜ் ஏறும் புது செட்களை நான் வைத்துப் பார்த்ததில்லை.

ரேடியோ எப்படி எடுக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இரண்டாவது செட்டில் ஏரியல் என்பது பின்னால் தொங்கும் ஒரு ஒயர், கை பட்டால் இரையும். இதில் இழுக்கும் குச்சி. தெற்கு ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்தால் கொடைக்கானல் வானொலி 100.5 சுத்தமாக விழுகிறது. ஆனால் அலாரத்துக்கு நான் வைத்திருப்பது பஸர்தான். பாட்டில் எழுந்தால் மறுபடியும் தூங்கிவிடுகிறேன்.

எல்இடி செட்டை அப்பா அறைக்குக் கொடுத்துவிட்டோம். எழுப்பிவிட வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை, ராத்திரியில் மணி தெரிந்தால் போதும். புது 9 வோல்ட் பேட்டரி போட்டு, போட்ட தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.