எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த எச்.பி.வி ஊசி: ஒரு தகப்பன் பார்த்தது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கிற இந்த ஊசியைப் போட்ட விதம் நன்றாக இருந்தது. விளக்கம் சொன்ன விதம் அதைவிட நன்றாக இருந்தது. கடிதம் அனுப்பிய விதம் சரியே இல்லை. இலங்கையின் வடக்கில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிற எங்கள் வன்னி ஊர்களில், தரம் 6-இல் பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் வருசா வருசம் இதே குழப்பத்துக்குள்தான் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

நான் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறவன். மனைவி குவைத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். மகளும் மகனும் என்னோடும் என் அம்மாவோடும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கடிதம் எதுவென்றாலும் நான் வேலை செய்கிற கறாச்சுக்குத்தான் வரும்.

மகள் பையிலிருந்து எடுத்துத் தந்தது போட்டோக்கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்த தாள். பாதி எழுத்து மங்கல். எச்.பி.வி தடுப்பூசி போடப் போகிறார்கள், சம்மதமா இல்லையா, கையெழுத்து. அவ்வளவுதான். என்ன நோய்க்கு என்று இல்லை. ஏன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று இல்லை. சந்தேகம் இருந்தால் யாரிடம் கேட்பது என்று ஒரு போன் நம்பர்கூட இல்லை. அடுத்த நாளே திருப்பிக் கொடுக்கவும் வேண்டுமாம். பதினொரு வயதுப் பிள்ளையின் உடம்பு பற்றிய விசயத்தை இப்படிக் கேட்டால் எந்தத் தாய் தகப்பன் மனதோடு கையெழுத்து வைப்பார்கள்?

அன்றிரவே மனைவியின் குரல்பதிவு வந்தது. "இஞ்சருங்கோ, அவசரப்பட்டுக் கையெழுத்து வைச்சுப்போடாதேங்கோ. இதைப் போட்டால் பிறகு பிள்ளை பெறேலாதாம். இங்க ஒரு அக்கா சொன்னவா." அம்மா அடுப்படியில் இருந்தே கேட்டார்: "எங்கட பெட்டையளுக்கு மட்டும் ஏன் போடுறாங்கள்?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று சொல்லித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வன்னிச் சனம் ஊசிக்குப் பயந்த சனம் அல்ல. 1995-இல் போலியோச் சொட்டு மருந்துக்காக அரசும் புலிகளும் சண்டையை நிறுத்திவைத்தன. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றது நல்ல ஞாபகம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993-இல். இடம்பெயர்ந்து போகும்போது உடுப்பை விட்டாலும் பிள்ளையின் கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோன தாய்மார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் 2013-இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில், சரியான விளக்கம் சொல்லாமல் பெண்களின் கைத்தோலுக்குள் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்ததையும் இந்தச் சனம் மறக்கவில்லை. அப்படி இருக்கும்போது "கருப்பை", "பெண்பிள்ளை", "ஊசி" மூன்றும் ஒரே பேச்சில் வந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்துக்குப் பதில் சொல்வது ஊசி போட வருகிறவர்களின் வேலை.

அந்த வேலையை எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் செய்தார். எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கடிதங்கள் பாதி கையெழுத்தில்லாமல் திரும்பி வந்ததும், பள்ளிக்கூடத்தோடு கதைத்து நாளைத் தள்ளிவைத்து, ஒரு பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார். அம்மாமார் மட்டும் என்று சொல்லவில்லை. அம்மம்மாமாரும் என்னைப் போலத் தகப்பன்மாரும் வந்திருந்தோம். சுகாதார வைத்திய அதிகாரியும் வந்தார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டு மிஸ் இருந்துகொண்டார்.

அம்மாதான் முதலில் எழும்பினார். மிஸ் சொன்னார்: "அம்மா, எங்கட பிள்ளையளுக்கு மட்டும் இல்லை. 2017-ஆம் ஆண்டிலயிருந்து இலங்கை முழுக்க, காலியிலயும் கண்டியிலயும் கொழும்பிலயும் தரம் 6 பெண்பிள்ளையளுக்கு இதே ஊசிதான். என்ர மகளுக்கும் போட்டது." அப்புறம் விசயத்துக்கு வந்தார். கர்ப்பப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரமும் காரணம் எச்.பி.வி என்ற வைரஸ். அதில் பல வகை. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்க்குக் காரணம். உடலுறவு வழியாகத் தொற்றுவது. தொற்றிய பிறகு போட்டால் பெரிய பிரயோசனம் இல்லை, அதனால்தான் இந்த வயதில். இந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உண்டாக்கும் என்பதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசியே போதும்.

உடலுறவு என்ற சொல் வந்ததும் பின்வரிசையில் முணுமுணுப்பு. ஒரு தாய், "அப்ப எங்கட பிள்ளையளப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்று கோபமாகவே கேட்டார். மிஸ் குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை இருபத்தைஞ்சு வயசில கலியாணம் கட்டி ஒருத்தனோட மட்டும் வாழ்ந்தாலும் இது வரலாம் அக்கா. அவருக்கு முதலே தொற்றியிருந்தால் அவருக்கே தெரியாது. பிள்ளையின்ர ஒழுக்கத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." அந்தத் தாய் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

பிள்ளை பெற முடியாமல் போகும் என்ற கதையை நான் கேட்டேன். மனைவியின் குரல்பதிவை அப்படியே போட்டுக் காட்டினேன். வைத்திய அதிகாரி பதில் சொன்னார். ஊசிக்குள் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் வெளிக்கூடு போன்ற புரதம் மட்டும்தான். பாணுக்குப் போடுகிற ஈஸ்டின் இனத்தை வைத்துத்தான் அந்தப் புரதத்தைச் செய்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் போடுகின்றன, 2007-இல் முதலில் தொடங்கியது அவுஸ்திரேலியா. மலட்டுத்தன்மை வருகிறது என்பதற்கு எங்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊசி போட்ட பெண்கள் வளர்ந்த பிறகு தேடிப் பார்த்ததில் அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை; அந்த ஆய்வு 2024-இல் வந்தது. "கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரக்கூடியது இந்த ஊசியால இல்லை, அந்தப் புற்றுநோய் வந்தால்தான்" என்றும் சொன்னார். எனக்கு அது உறைத்தது. என் பெரியம்மா இதே நோயோடு பஸ்ஸில் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். இரத்தம் போவதை வெட்கத்தில் மறைத்து வைத்திருந்து, காட்டும்போது காலம் கடந்துவிட்டது.

எனக்கு நம்பிக்கை வந்த இடம் அதற்குப் பிறகுதான். ஒரு இளம் தகப்பன், "ஊசி போட்டுப் பிள்ளையள் செத்ததே இல்லையோ?" என்று நேரடியாகக் கேட்டார். இல்லை என்று வைத்திய அதிகாரி மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. 2009-இல் மாத்தறையில் பள்ளிக்கூடத்தில் ருபெல்லா ஊசி போட்ட மாணவி ஒருவர் இறந்ததைச் சொன்னார். கடுமையான ஒவ்வாமை எந்த ஊசிக்கும் வரலாம், பத்து இலட்சத்தில் ஒன்று என்கிற அளவில்; அது வந்தால் கொடுக்கிற அட்ரினலின் மருந்து மேசையிலேயே இருக்கும்; ஊசி போட்ட பிள்ளையை அரை மணித்தியாலம் இருத்தி வைப்பது அதற்காகத்தான் என்றார். 2008-இல் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியில் சந்தேகம் வந்தபோது நாடு முழுக்க நிறுத்தி, ஆராய்ந்து, 2010-இல்தான் திரும்பத் தொடங்கினார்கள் என்பதையும் சொன்னார். ஒளிக்காமல் சொல்கிறவர் மற்றதையும் ஒளிக்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் மிஸ், "வேண்டாம் எண்டு எழுதிறவையிலயும் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்ச நாளால மனம் மாறினாலும் வாங்கோ" என்றார். இரண்டு குடும்பம் வேண்டாம் என்றே எழுதியது. அவர்களின் பிள்ளைகளை ஒருவரும் தனியாக எழுப்பி நிறுத்தவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை.

ஊசி போடுகிற நாளில் வேலையை நிறுத்திவிட்டுப் போனேன். பெற்றோர் நிற்கலாமா என்று கேட்டதற்கு, மகளுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்கள். நீல நிறக் குளிர்ப்பெட்டி ஒன்று. மூடியைத் திறந்தால் ஐஸ் பைகளுக்கு நடுவில் சின்னக் குப்பிகள், ஒரு வெப்பமானி. வெப்பம் இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் நிற்க வேண்டுமாம், உறைந்தாலும் பழுதாம். எஞ்சினோடு கிடக்கிற எனக்கு இப்படியான விசயங்களில்தான் கண் போகும். எட்டிப் பார்த்தேன், மிஸ்ஸும் திருப்பிக் காட்டினார். ஒரு பிள்ளைக்கு ஒரு குப்பி. உடைக்க முன்னர் திகதியை வாசித்துக் காட்டினார். ஒருமுறை அழுத்தியதும் பூட்டிக்கொள்கிற சிரிஞ். போட்டு முடிந்ததும் ஊசியோடு அப்படியே மஞ்சள் பெட்டிக்குள் விழுந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு என் சேர்ட்டைப் பிடித்திருந்தாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டபோது மிஸ் பஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தார்.

குறைகளும் உண்டு. வரிசை மேசைக்கு நேர் முன்னால் நின்றது; ஒரு பிள்ளை அழ, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அழத் தொடங்கினார்கள். மறைப்புக்கு ஒரு சேலையாவது கட்டியிருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பிள்ளை தலை சுற்றி விழப் பார்த்தது. உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்திவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இந்த வயதில் பயத்தாலேயே அப்படி வருவது வழக்கம் என்றார்கள். சரி, அப்படியென்றால் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அந்தக் கடிதத்தில் ஒரு வரி போட்டிருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரும் பிள்ளைகள் கொண்டுவந்த போத்தலில்தான்.

மகளுக்கு அன்றிரவு கை நோவும் மேல் காய்ச்சலும். பனடோல் கொடுத்தேன், அடுத்த நாள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மிஸ் பின்னேரம் ஸ்கூட்டியில் போகிற வழியில் கறாச்சில் நிறுத்தி, "பிள்ளை எப்பிடி அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஊரில் அவர்தான் ஊசி போட்டார், இந்த ஊரில்தான் நாளைக்கும் நிற்கப் போகிறார். எங்கள் சனத்துக்கு எந்த நோட்டீஸையும்விட அது பெரிய விசயம்.

மனைவிக்குக் கூட்டத்தில் கேட்டதை எல்லாம் விளக்கி நீளமான குரல்பதிவு அனுப்பினேன். அவர் அதை அந்த அக்காவுக்கும் போட்டுக் காட்டினாராம். அந்த அக்காவின் மகளும் வவுனியாவில் தரம் 6 படிக்கிறாளாம்.

போகப்போகிறவர்களுக்கு: ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. கடிதம் விளங்காவிட்டால் கையெழுத்து வைக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். உங்கள் பகுதி மிஸ்ஸைப் பிடித்து, கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேளுங்கள். பிள்ளைக்கு முன்னர் ஏதாவது மருந்துக்கோ ஊசிக்கோ ஒவ்வாமை வந்திருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். காலைச் சாப்பாடு கட்டாயம். கை மடிப்பை மேலே தூக்கக்கூடிய சட்டை போட்டு விடுங்கள். ஊசி போட்ட திகதியை எழுதித் தருகிற அட்டையைப் பிள்ளையின் பையில் விடாமல் வீட்டில் எடுத்து வையுங்கள், இரண்டாவது ஊசிக்கு அது வேண்டும். பள்ளிக்கூடத்தில் அன்று வராத பிள்ளைகளுக்குக் கிளினிக் நாளில் போடுவதாக எங்கள் மிஸ் சொன்னார். வேண்டாம் என்று எழுதிய இரண்டு வீட்டில் ஒரு வீட்டுத் தாய், அது எந்த நாள் என்று போன கிழமை என்னிடம் கேட்டார்.