‘எல்லாம் சேர்த்து 1,250’: குடியம் குகை போஸ்டரை நம்பிப் பணம் கட்டுமுன்

மூலக்கடை, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் பக்கத்து வாக்கிங் குரூப்களில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டிப் பக்கத்துக் குடியம் குகை வாசலில் எடுத்த படம். மேலே ‘குடியம் குகை ஒருநாள் நடை, எல்லாம் சேர்த்து 1,250’. கீழே வேன், காலை டிபன், மதியச் சாப்பாடு, வனத்துறை அனுமதி, கைடு என்று ஐந்து டிக். எங்கள் குழுவில் 22 பேர் கட்டினோம், மொத்தம் 27,500 ரூபாய். அந்த ஐந்தில் உருப்படியாக வந்தது காலை டிபன் ஒன்றுதான். இட்லியைக் கெடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

நடந்தது சுருக்கமாக இவ்வளவுதான். ஐப்பசி முதல் ஞாயிறு 5 மணிக்கு வர வேண்டிய வேன் 6.40க்கு வந்தது. 25 சீட் என்று பேச்சு. வந்தது 17 சீட், நடுவில் ஐந்து பிளாஸ்டிக் ஸ்டூல். நல்லூர் டோலில் ‘டோல் தனிங்க’ என்று தலைக்கு முப்பது ரூபாய் வசூல். காட்டு வாசலில் அனுமதி செல்லவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ‘நடை’ என்று காட்டியது பூண்டி ஏரிப் பக்கத்துத் தார் ரோடு, 11 மணி வெயிலில். மதிய பார்சல் ஊசிப்போயிருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘மழை சீசன் சார், ஃபாரஸ்ட்டே மூடிட்டாங்க’ என்கிறார் அமைப்பாளர். அன்று மழையும் இல்லை, காடு மூடவும் இல்லை.

முதலில் அனுமதி. மற்ற எல்லாப் பித்தலாட்டமும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. குடியம் குகைகள் இருப்பது காப்புக்காட்டுக்குள். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளம் 40 பாதைகளோடு தொடங்கியது. குடியம் அதில் ஒன்று. அதில் யார் வேண்டுமானாலும் நேரடியாகப் பதிவு செய்யலாம். நடுவில் ஆள் தேவையே இல்லை. வழிகாட்டியும் அந்தப் பதிவோடு வருபவர்தான். ஆக, போஸ்டரில் அனுமதிக்கு ஒரு டிக், கைடுக்குத் தனியாக ஒரு டிக் இருந்தாலே, ஒரே பொருளுக்கு இரண்டு விலை போட்டிருக்கிறார்கள், அல்லது இரண்டுமே கையில் இல்லை. எங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது.

வாசலில் அமைப்பாளர் நீட்டியது போனில் இருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். வனத்துறை ஊழியர் அதை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். தேதி இருக்கும் வரிக்கு மேலே படம் வெட்டப்பட்டிருந்தது. பெயர்கள் மேல் விரலால் இழுத்த மஞ்சள் கோடு. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் மறைக்க மறந்துவிட்டார்கள்: 4. என்றைக்கோ நாலு பேர் போன சீட்டு அது. இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு எத்தனை குழுவை ஏற்றினார்களோ.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், பிடிஎஃப் கேளுங்கள். அதில் உங்கள் பெயர், அடையாள அட்டையில் இருக்கும் அதே எழுத்துகளில் இருக்கிறதா, தேதி சரியா, ஆள் கணக்கு சரியா என்று பாருங்கள். பிறகு நீங்களே இணையதளத்துக்குப் போய் அந்தத் தேதியைத் தட்டுங்கள். அன்று பாதை மூடியிருப்பதாகக் காட்டினால் அமைப்பாளர் கையிலும் ஒன்றும் இருக்காது. ‘ஃபாரஸ்ட்ல நம்ம ஆளு இருக்காரு’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வேன் விஷயம் ஒரு நிமிட வேலை. நம்பர் பலகை மஞ்சளா வெள்ளையா? வாடகைக்கு ஓடும் வண்டி மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தோடு இருக்க வேண்டும். ஒயிட் போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. அதில் காசு வாங்கி ஆளேற்றிப் போகையில் விபத்து நடந்தால், இழப்பீடு கேட்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி பிடிக்கும் முதல் காரணமே அதுதான். முந்தைய நாளே நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டி வகை, சீட் எண்ணிக்கை, ஃபிட்னஸ், இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லாம் வரும். நம்பரைக் காலையில்தான் சொல்வேன் என்றால், வண்டி இன்னும் பேசவில்லை என்று பொருள். ஸ்டூலில் உட்காரச் சொன்னால் ஏறாதீர்கள். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு திரும்பி பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் போகும் பாதையில் திடீர் பிரேக்குக்குப் பஞ்சமில்லை. ஸ்டூலில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

இனி சாப்பாடு. கொடுத்தது சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, தேங்காய்ச் சட்னி, சில்வர் ஃபாயில் டப்பாவில். ஒன்றரை மணிக்குத் திறக்கும்போது மூடி உப்பியிருந்தது, உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, சட்னி நுரைத்திருந்தது. காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஆவி பறக்கப் பறக்க மூடியிருக்கிறார்கள். ஆவி உள்ளேயே தண்ணீராகிச் சோற்றில் இறங்கும். 22 டப்பாவையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி, இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மதியம் வரை வெதுவெதுப்பு குறையாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆகவே ‘சுட வெச்சுத் தரேன்’ என்று அமைப்பாளர் சொன்னது மருந்தே இல்லை. பருப்பும் தேங்காயும் சேர்ந்த சாப்பாட்டை ஒன்பது மணி நேரம் பயணத்துக்குக் கட்டக்கூடாது என்பது வீட்டில் சமைக்கிற யாருக்கும் தெரியும். தெரியாதவர் கேட்டரிங் எடுத்திருக்கிறார்.

கட்டுச்சோறு என்றால் புளிசாதம்தான். 22 பேருக்கு இரண்டரை கிலோ அரிசி, 300 கிராம் புளி, அரை லிட்டர் நல்லெண்ணெய் போதும். சோற்றை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, பாதி எண்ணெயைச் சோற்றிலேயே விட்டு விசிறி ஆறவிட வேண்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியாத பதத்தில்தான் புளிக்காய்ச்சல் கலந்து மூட வேண்டும். தொட்டுக்கொள்ள வடகம், அப்பளம், ஊறுகாய். தயிர்சாதம் வேண்டுமென்றால் குழைத்த சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியத்துக்குள் தானே பதமாகும். தயிரை மட்டும் ஊற்றிக் கட்டினால் புளித்து வழியும்.

தண்ணீருக்கு ஆளுக்கு அரை லிட்டர் பாட்டில் கொடுத்தார்கள். ஐப்பசியில் வெயில் தணிந்தாலும் ஈரப்பதம் வியர்வையை உலரவிடாது. மணிக்கு அரை லிட்டர் என்று வைத்து, போக வர மூன்று லிட்டர் சுமக்க வேண்டும். இரண்டு பாக்கெட் ஓஆர்எஸ் பையில் இருக்கட்டும்.

நேராகப் பதிவு செய்து போகிறவர்களுக்குப் பாதையைப் பற்றிக் கொஞ்சம். காலடியில் இருப்பது உருண்டைக் கூழாங்கற்கள், சில முஷ்டி அளவு, சில தேங்காய் அளவு. முதல் மழையில் செம்மண் அரித்து கல் மட்டும் லேசாக நிற்கும், மிதித்தால் உருளும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும். வழவழத்த அடியுள்ள ஜாகிங் ஷூ வேண்டாம். முட்டியை லேசாக மடக்கி, அடியைச் சிறிதாக வைத்து, ஒரு கம்போடு இறங்க வேண்டும். இருபுறமும் முள்புதர், முழுக்கால் பேண்ட் அவசியம். பாறை மேல் மலைத்தேனீ அடை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்; சென்ட், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. இடி கேட்டால் குகை விளிம்பில் ஒதுங்காதீர்கள், பாறைச் சரிவில் மின்னல் தாவி வரும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பி உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலையாற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும். மணலி புதுநகர், எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே தண்ணீர்தான் அவர்கள் வாசலுக்கு வருகிறது. அந்த அறிவிப்பு வந்த வாரம் போகாதீர்கள்.

ஒரு சின்ன மோசடியையும் சொல்ல வேண்டும். தார் ரோட்டோரம் ‘கைடு’ ஒரு கல்லைப் பொறுக்கி, பத்து லட்ச வருஷத்துக் கைக்கோடரி, 200 ரூபாய் என்றார். இரண்டு பேர் வாங்கினார்கள். கதை எங்கிருந்து வந்ததென்றால், பக்கத்திலிருக்கும் அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863லேயே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே அகழ்ந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் ஆய்வு வெளியானது. உண்மையான கைக்கோடரியில் இரண்டு முகத்திலும் செதில் செதிலாகப் பெயர்த்த பள்ளங்கள் இருக்கும், ஓரம் இரு பக்கமிருந்தும் கூராகி வரும். அவர் விற்றதில் ஒரு பக்கம் மட்டும் உடைப்பு, மறுபக்கம் ஆற்றுக்கல்லின் வழவழப்பு. லாரி டயரில் உடைந்த ஜல்லியாகக்கூட இருக்கலாம். நிஜமானதாக இருந்தால் எடுப்பதும் விற்பதும் இன்னும் பெரிய தப்பு. பார்க்க ஆசையென்றால் பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

பணம். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்தால் பெரிதாக ஒன்றும் நகராது. வேன் வந்தது, சோறு வந்தது. கணக்குக்கு ஏதோ ஒரு சேவை நடந்துவிட்டது. அந்தச் சோறும் வேனும் வருவதே அதற்காகத்தான் என்று தோன்றுகிறது. பணம் கட்டியதும் ஆளே காணாமல் போனால்தான் 1930, அதுவும் உடனே. மற்றபடி இது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். போஸ்டர், உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண், பணம் அனுப்பும்போது திரையில் வந்த வங்கிப் பெயர், வண்டி நம்பர், சாப்பாட்டின் படம் எல்லாவற்றையும் அன்றைக்கே சேமித்துவிடுங்கள். குரூப்பிலிருந்து உங்களை நீக்கியதும் சில அழிந்துபோகும். பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பிறகு இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், நமக்கு சென்னை வடக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, சம்பவத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள் 6,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு மனு போட்டாகிவிட்டது.

இதற்குள் அதே நம்பரிலிருந்து கார்த்திகைக்குப் புது போஸ்டர்: ‘பழவேற்காடு, பூநாரை, படகுச் சவாரி, எல்லாம் சேர்த்து 999’. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை. பொன்னேரி வரை கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் டச்சுக் கல்லறையையும் கரையோரத்தையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம். அதற்கு யாருக்கும் 999 தர வேண்டியதில்லை. போஸ்டரில் படகு என்ற சொல் இருந்தால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.