மடிக்கிற அழகா, உழைக்கிற தட்டையா: இரண்டையும் வைத்திருந்து பார்த்ததில்

இரண்டு வருஷம் மடிப்பு போன் வைத்திருந்தேன். நடுவில் மடிந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடுமே, அந்த வகை. போன மாதம் அதைக் கொடுத்துவிட்டு, கிட்டத்தட்ட அதே விலையில் ஒரு தட்டை போனை வாங்கினேன். டைட்டானியம் சட்டம், பெரிய திரை, மடியாது. "அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினியே, ஏன் மாத்தின?" என்று கேட்காதவர்கள் குறைவு. நின்ற இடத்தில் சொல்லும் பதிலில் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன். இரண்டுமே ஆடம்பர விலைதான். ஒன்றில் அந்தக் காசு பெரும்பாலும் அழகுக்குப் போகிறது, இன்னொன்றில் உழைப்புக்கு. நான் இப்போது எந்தப் பக்கம் என்பது வாங்கியதிலேயே தெரிந்திருக்கும்.

கேமராவையும் பேட்டரியையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மடிப்பு போனின் இரண்டு பாதிகளும் மெலிதாக இருக்க வேண்டும், கீலுக்கும் இடம் விட வேண்டும். மிஞ்சிய இடத்தில்தான் பேட்டரியும் லென்ஸும். சாம்சங்கின் மடிப்பு போனான கேலக்ஸி இசட் ஃபிளிப் 6-இல் 4000 எம்ஏஎச் பேட்டரி என்றால், அதே 2024-இல் வந்த அவர்களின் தட்டை போனான எஸ்24 அல்ட்ராவில் 5000. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் டெலிபோட்டோ லென்ஸ் அந்த ஃபிளிப்பில் இல்லை, அல்ட்ராவில் இரண்டு. எந்த நிறுவனத்தை எடுத்தாலும் பெரும்பாலும் கதை இதேதான். இது தெரியாமல் நான் வாங்கவில்லை.

தெரிந்தும் வாங்கியதற்குக் காரணம் அழகு. 2004-இல் வந்த மோட்டோரோலா ரேசரை, மூடித் திறக்கும் அந்தப் பொத்தான் போனை, நினைவிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். மெல்லிய அலுமினிய உடல், ஒரே உலோகத் தகட்டில் செதுக்கிய எண் பொத்தான்கள். கல்லூரி நாட்களில் நண்பன் ஒருவன் அதைக் கட்டை விரலால் தள்ளித் திறப்பதை வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த ஆசை உள்ளே எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். கடைக்காரர் மடிப்பு போனைக் கையில் கொடுத்து, நான் அதை மூடி, அது 'டப்' என்று காந்தம் இழுத்தாற்போல ஒட்டிக்கொண்டதும் மனசு முடிவு செய்துவிட்டது.

அழகு என்று மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. மடித்தால் சட்டைப் பைக்குள் முழுதாக அடங்கும், குனிந்தால் நழுவி விழாது. பாதி மடித்து மேசையில் வைத்தால் அதுவே நிற்கும். வீடியோ அழைப்பில் புத்தகத்தையோ டம்ளரையோ முட்டுக்கொடுக்க வேண்டாம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, பேசி முடித்ததும் மூடிவிடலாம் என்பது. மூடினால் அந்த வேலை முடிந்தது. தட்டை போன் வந்த பிறகு, அழைப்பு முடிந்ததும் விரல் தானாக அடுத்த ஆப்புக்குப் போவதைக் கவனித்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் பழைய போனைத் தேடுகிறேன்.

சரி, பிறகு ஏன் மாற்றினேன்? பராமரிப்பு. அந்த ஒரு வார்த்தைக்குள்தான் மொத்தமும் இருக்கிறது.

மடியும் திரையின் மேல் நாம் தொடுவது கண்ணாடியை இல்லை. 2020-இல் வந்த முதல் இசட் ஃபிளிப்பில் மடியக்கூடிய மெல்லிய கண்ணாடியைக் கொண்டுவந்தார்கள். தலைமுடியை விட மெல்லியது. அதைத் தனியாக விட்டால் நொறுங்கும், அதனால் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். நம் விரல் படுவது அந்தப் படலத்தில்தான். பார்க்க, கடையில் ஒட்டித் தரும் ஸ்கிரீன் கார்டு மாதிரியே இருக்கும். ஆனால் நாமாகப் பிரித்து எடுக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நகம் அழுத்தினால் தடம் விழும். சாவி உரசினால் கேட்கவே வேண்டாம். தட்டை போனில் திரையைக் காக்க ஒரு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுகிறோம், உடைந்தால் உரித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டுகிறோம். மடிப்பு போனில் காவலாளியும் வீட்டின் சுவரும் ஒன்றே.

ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆனபோது ஒரு நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில் திரையைச் சாய்த்துப் பார்த்தேன். மடிப்புக் கோட்டின் இடது ஓரத்தில் ஒரு அரிசி நீளத்துக்குப் படலம் எழும்பியிருந்தது, உள்ளே காற்று. விரலால் தடவினால் அமுங்கும், கையை எடுத்தால் மறுபடி எழும்பும். ஒரு வாரத்தில் அது நடுப்பகுதி வரை ஓடியது. அந்தக் கோட்டுக்கு மேல் விரல் ஏறும்போதெல்லாம் மெல்லிய 'சரக்' சத்தம் வேறு. திரை நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் எதைப் பார்த்தாலும் கண் அந்தக் கோட்டுக்கே போனது.

சர்வீஸ் சென்டரில் இருந்தவர் நல்ல மனிதர். போனை வாங்கியதும் திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து மடிப்பின் மேல் ஓட்டி, "ஃபிலிமை நீங்களா எடுத்துப் பாத்தீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். ஒரு இடத்தில் நிறுத்தி என்னையும் பார்க்கச் சொன்னார். படலத்துக்குக் கீழே கடுகை விடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. "படலம் மட்டும்னா மாத்திக் குடுத்துடலாம். இந்தப் புள்ளி பெருசாச்சுன்னா உள் ஸ்கிரீன் மொத்தமும் மாத்தணும். இந்த மாடல்ல சட்டத்தோட சேர்த்துத்தான் வரும்." அவர் சொன்ன தொகைக்கு நல்ல நடுத்தர போன் ஒன்று புதிதாகவே வாங்கிவிடலாம். படலத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். அதற்கே ஒன்றரை நாள் போன் இல்லாமல் இருந்தேன். நான்கு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் எழும்பியது.

கீலைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளும் அது தளரவில்லை. 2 லட்சம் தடவை மடித்துச் சோதித்தோம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நாளைக்கு 100 தடவை என்றாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனைச்சாலை இயந்திரத்துக்கு வியர்வைக் கை இல்லை, பையில் மணல் இல்லை, வெயிலில் நின்றுவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் நுழையும் பழக்கமும் இல்லை.

மணல் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போன் பெட்டியில் ஐபி என்று ஆரம்பித்து இரண்டு எண் போட்டிருப்பார்கள். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 68 என்றால் தூசு சுத்தமாக உள்ளே போகாது. 2021-இல் வந்த இசட் ஃபிளிப் 3-இல் ஐபிஎக்ஸ் 8 என்று இருந்தது. எக்ஸ் என்றால் தூசுக்கு மதிப்பீடே இல்லை. 2024-இன் ஃபிளிப் 6-இல் ஐபி 48. அந்த 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிய துகளைத்தான் தடுக்கும். மணல் துகள் பெரும்பாலும் அதை விடச் சிறியது. எல்லோரும் தண்ணீரைப் பற்றியே கேட்கிறார்கள். மடிப்பு போனில் பயப்பட வேண்டியது தூசுக்கு.

புதிய தட்டை போனிலும் அழகுக்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. டைட்டானியம் எஃகை விட நிறைய எடை குறைவு. ஐபோன் 14 ப்ரோ 206 கிராம், டைட்டானியத்துக்கு மாறிய 15 ப்ரோ 187. கையில் எடுத்த உடனே தெரியும். ஆனால் டைட்டானியம் சூட்டை அலுமினியம் போலக் கடத்தாது. 2025-இல் 17 ப்ரோவில் ஆப்பிள் மறுபடி அலுமினியத்துக்கே போனது. கூடவே, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சட்டத்தையும் பின்பக்கத்தையும் முதல் நாளே ஒரு ரப்பர் உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். என் போன் என்ன நிறம் என்று எனக்கே வாரத்துக்கு ஒரு தடவைதான் தெரிகிறது. மடிப்பு போனுக்கு நான் உறையே போட்டதில்லை. அழகைத் தினமும் பார்த்தேன் என்ற கணக்கில் அது ஜெயித்தது.

இருந்தும் தட்டை போன் பக்கமே நிற்கிறேன். அதில் அழகு ஒரு இடத்தில் இருக்கிறது, உழைக்க வேண்டிய பாகம் இன்னொரு இடத்தில். சட்டத்தில் கீறல் விழுந்தால் மனசு வலிக்கும், வேலை நிற்காது. மடிப்பு போனில் எதைப் பார்த்து ஆசைப்பட்டோமோ அந்த மடிப்புதான் முதலில் தேய்கிற இடமும்.

ஆடம்பர போன் என்றாலே வெர்ட்டு நினைவுக்கு வரும். நோக்கியா 1998-இல் தொடங்கிய நிறுவனம். நீலக்கல் படிகத்தில் திரைக்கு மேல் மூடி, பொத்தான்களுக்கு அடியில் மாணிக்கக் கல் தாங்கிகள், இங்கிலாந்தில் கையால் கோத்தவை. கல்லின் கடினத்தைப் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் நீலக்கல் 9, வைரத்துக்கு அடுத்தது. சாவியோ மணலோ அதில் கீற முடியாது. பல வருஷம் ஆனாலும் அந்த உடல் புதிது போலவே இருக்கும். ஆனால் உள்ளே இருந்த மென்பொருளும் அலைவரிசையும் பழசாகிப் போயின. மடிப்பு போனில் இது தலைகீழ். ஃபிளிப் 6-க்கு ஏழு வருஷம் மென்பொருள் அப்டேட் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் படலம் ஒன்றரை வருஷத்தில் எழும்பியது. அந்த ஏழு வருஷத்தையும் மூச்சுப் பிடித்து ஓடும் உடல் தட்டை போனுக்குத்தான் இருக்கிறது.

விற்கும்போது இது நேராகவே காசில் தெரிந்தது. வாங்க வந்தவர் கேமராவைத் திறக்கவில்லை, பேட்டரியைப் பற்றிக் கேட்கவில்லை. போனை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, ஆள்காட்டி விரலை மடிப்பின் மேல் மேலிருந்து கீழ் ஒரு தடவை ஓட்டினார். அவ்வளவுதான், பேரம் அங்கேயே இறங்கிவிட்டது. அதே வயதுள்ள ஒரு தட்டை போனை என் தம்பி அதே வாரம் விற்றான். வாங்கிய விலையில் எத்தனை பங்கு திரும்பி வந்தது என்று பார்த்தால், அவனுக்குக் கிடைத்தது என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது இரண்டே போன்களின் கணக்கு, இதை எல்லோருக்கும் விதியாக நீட்ட மாட்டேன்.

புத்தகம் போல விரியும் பெரிய மடிப்பு போன்களை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. திறந்தால் டேப்லெட் அளவுக்குத் திரை கிடைப்பதால் அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். காலமும் மாறுகிறது. 2025-இல் கூகுள் கொண்டுவந்த பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுக்கு ஐபி 68 கிடைத்திருக்கிறது. தூசு பற்றி மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. படலம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க எனக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு என் அக்கா போன வாரம் மடிப்பு போனையே வாங்கினாள். "நான் நாள் முழுக்க ஆபீஸ்ல உக்கார்ந்திருக்கறவ. எனக்கு எங்கடா மணல்?" என்றாள். தடுக்கவில்லை. திரைக்கும் சேர்த்து வரும் பாதுகாப்புத் திட்டத்தை வாங்கிய அன்றே போடச் சொன்னேன், போட்டுவிட்டாள். கைப்பையில் சாவி வைக்கும் அறையில் போனை வைக்காதே என்றேன். நேற்று வீட்டுக்கு வந்தவள், பேசி முடித்து அதை 'டப்' என்று மூடி மேசை மேல் வைத்தாள். எடுத்து விரித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, இடது ஓரத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.