குதிரையா, கோவேறு கழுதையா?

வேகம்தான் முக்கியம் என்றால் குதிரை, அதில் பேச்சே இல்லை. ஆனால் மலைப்பாதையில் சுமையோடு போக என்னைக் கேட்டால் கோவேறு கழுதைதான். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்தது, மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம் இதற்கு 63 (குதிரைக்கு 64, கழுதைக்கு 62), ஒற்றைப்படை என்பதால் சரியாக ஜோடி சேராது, அதனால் பெரும்பாலும் குட்டி போடாது.

சரி, கோவேறு கழுதை பிடிவாதம் பிடிக்கும் என்கிறார்களே? அது பிடிவாதமே இல்லை. சரிவில் கல் உருளும் இடம் வந்தால் காதை முன்னால் நீட்டி, தலையைத் தாழ்த்தி, தரையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குளம்பை வைக்கும், அதுவரை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. மிரண்ட குதிரை பெரும்பாலும் ஓடத்தான் பார்க்கும். கோவேறு கழுதையோ நின்று யோசிக்கும்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், எந்த வாளியில் தீனி இருக்கிறது என்பதைக் குறியை வைத்துக் கற்றுக்கொள்வதில் குதிரை, கழுதை இரண்டையுமே இது முந்தியது. அப்புறம், குளம்பும் குதிரையைவிடக் கெட்டி.